எட்டு விளக்கும் எரிந்தது, லைன் ஓடவில்லை: சிந்துபூந்துறையில் ஒரு கடைவீட்டு வயரிங்

கடைசிச் சோதனை ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவில் முடிந்தது. கோடவுன் கம்ப்யூட்டரிலிருந்து கடை கம்ப்யூட்டருக்கு 5,000 பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சிறு சோதனைச் செய்தி) விட்டதில் ஒன்றுகூட விழவில்லை. கடைக்குள் இரண்டு கம்ப்யூட்டருக்கு நடுவே 2 ஜிபி கோப்பு ஒன்று 20 நொடிக்குள் போய்ச் சேர்ந்தது. வேலை தொடங்கிய நாளில் அதே கோப்பு மூன்று நிமிடத்துக்கு மேல் எடுத்தது, அதுவும் பாதியில் அறுந்து போகாமல் இருந்தால்தான். புரட்டாசியில் தொடங்கிய வேலை கார்த்திகை வரை இழுத்ததற்கு மூன்று தவறுகள் காரணம். மூன்றும் தவிர்த்திருக்கக்கூடியவை. அதனால் அவற்றையும் சேர்த்தே வரிசையாக எழுதுகிறோம்.

இடம், திருநெல்வேலியில் தாமிரபரணிக் கரைக்குப் பக்கத்தில் சிந்துபூந்துறையில் ஒரு பழைய வீடு. முன்பக்கத் தார்சாவும், கூடமான பட்டாசலும் சேர்த்து இப்போது பிஸ்கட் ஏஜென்சியின் கடை. மாடியில் குடியிருப்பு. புறவாசல் தாண்டி, தனி ஈபி மீட்டருடன் கோடவுன். கடையில் இரண்டு பில்லிங் கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு லேண்ட்லைன். மாடியில் டிவி, படிப்பறை, வைஃபை. வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு ஏற்கெனவே வந்துவிட்டது, 0462 என்று தொடங்கும் லேண்ட்லைன் எண்ணும் அதற்கே மாறிவிட்டது. புகார் இரண்டுதான். இரண்டாவது பில்லிங் கம்ப்யூட்டரில் டாலி கணக்கு மென்பொருள் அடிக்கடி அறுந்து போகிறது. போனில் கொரகொரவென்று இரைச்சல்.

"நெட்டு நல்லாத்தான் வருது தம்பி, எங்க லைன்தான் சரியில்ல" என்றார் கடை அண்ணாச்சி. அவர் சொன்னது சரி. நாங்கள்தான் அதை நம்பாமல், கம்ப்யூட்டர்களை இணைக்கும் நெட்வொர்க் பெட்டியான சுவிட்சில் தொடங்கினோம். முதல் தவறு அதுதான்.

இரண்டாவது கம்ப்யூட்டருக்குப் போகும் பழைய கேபிள் 26 மீட்டர். 300 ரூபாய் கேபிள் டெஸ்டரை இரண்டு முனையிலும் மாட்டினால் 1 முதல் 8 வரை விளக்குகள் வரிசையாக எரிந்தன. அதனால் கேபிள் சரி என்று முடிவு கட்டி, 1,450 ரூபாய்க்குப் புது 8 போர்ட் கிகாபிட் சுவிட்ச் வாங்கினோம். அறுபடுவது நிற்கவில்லை. லேன் கார்டை மாற்றினோம், அப்போதும் நிற்கவில்லை. இரண்டு நாள் இப்படியே போயிற்று.

மூன்றாம் நாள் பிளக்கை வெளிச்சத்தில் பிடித்து நிறம் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. முன்பு வேலை செய்தவர் ஜோடி ஜோடியாக அடுக்கியிருந்தார்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, பச்சை, வெள்ளை-நீலம், நீலம், வெள்ளை-பிரவுன், பிரவுன். கண்ணுக்கு அழகான வரிசைதான். இரண்டு முனையிலும் ஒரே மாதிரி இருப்பதால் டெஸ்டரும் எட்டு விளக்கையும் எரித்துவிடும். ஆனால் நெட்வொர்க்கில் 3ஆம் கம்பியும் 6ஆம் கம்பியும் ஒரு ஜோடி. அவை இரண்டும் ஒரே முறுக்கில் இருந்தாக வேண்டும். இந்த அடுக்கில் 3ஆவது பச்சை முறுக்கிலும் 6ஆவது நீல முறுக்கிலும் போய்விடுகிறது. முறுக்குத்தான் இரைச்சலைத் தடுக்கிறது. அது பிரிந்ததும் பக்கத்துக் கம்பியின் சிக்னல் உள்ளே ஏறிவிடும். ஒன்றிரண்டு மீட்டர் பேட்ச் கார்டில் (இரு முனையிலும் பிளக் உள்ள குட்டைக் கேபிள்) இந்தத் தப்பு வெளியே தெரியாது. 26 மீட்டரில் பாக்கெட்டுகள், அதாவது தரவுத் துண்டுகள், விழத் தொடங்கிவிடும்.

சரியான வரிசை, இடமிருந்து வலம், பிளக்கின் கொக்கி கீழே பார்க்க: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். பச்சை ஜோடியின் நடுவில் நீல ஜோடி உட்கார்ந்திருக்க வேண்டும். விலை குறைந்த டெஸ்டர், கம்பி இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போகிறதா என்று மட்டும்தான் பார்க்கும். எந்தக் கம்பி எதனோடு முறுக்கியிருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. டெஸ்டர் எடுக்கும் முன் பிளக்கின் நிறத்தைப் பார்ப்பதுதான் இப்போது எங்கள் முதல் வேலை.

வரிசையை மாற்றி அடித்ததும் அறுபடுவது பெருமளவு குறைந்தது. ஆனாலும் 1,000 எம்பிபிஎஸ்ஸில் லைன் நிற்கவில்லை, திரும்பத் திரும்ப 100க்கு இறங்கியது. 100க்கு இரண்டு ஜோடி போதும், 1,000க்கு நான்கு ஜோடியும் ஒழுங்காக இருக்க வேண்டும். இந்த முறை மல்டிமீட்டரை எடுத்தோம். கேபிளின் ஒரு முனையில் ஒரு ஜோடியின் இரண்டு கம்பியையும் முறுக்கிவிட்டு, மறுமுனையில் ஓம் (மின்தடை) பார்ப்பது. அதற்கு முன் மீட்டரின் இரண்டு புரோபையும் ஒன்றோடொன்று தொட்டு, அதில் வரும் எண்ணைக் கழித்துவிட வேண்டும். எங்கள் மீட்டரில் அது 0.3. 24 கேஜ் (கம்பியின் தடிமன் எண், எண் குறைந்தால் கம்பி தடிமன்) முழுச் செம்பு என்றால் 26 மீட்டருக்குப் போய்வர 4.4 ஓம் அளவு வரும், 4.9ஐத் தாண்டக் கூடாது. எங்களுக்கு வந்தது 7.1. பிளேடால் கம்பியைச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிய கேபிள் அது. அதோடு அந்தக் கேபிள் மின்விசிறி, டியூப்லைட் வயர்கள் ஓடும் அதே பைப்பில் போயிருந்தது. இதைச் சரிக்கட்ட முயல்வதில் பொருளில்லை என்று முழுவதையும் பிடுங்கிவிட்டோம்.

புதிதாக வாங்கியது 305 மீட்டர் கேட் 6 தர நெட்வொர்க் கேபிள் பெட்டி, 23 கேஜ், 8,900 ரூபாய். இந்த முறை ஒரு அடி இழுப்பதற்கு முன்பே, கடையிலேயே, பெட்டியின் இரண்டு முனையையும் வெளியே எடுத்து மொத்த நீளத்துக்கும் ஓம் பார்த்தோம்: 43. 24 கேஜ் செம்பாக இருந்தால் 51இலிருந்து 57க்குள் வரலாம். 80க்குப் பக்கம் வந்தால் அலுமினியம்தான், பெட்டியின் மேல் என்ன அச்சிட்டிருந்தாலும் சரி. இரண்டு நிமிட வேலை. கடைக்காரர்கள் மறுப்பதில்லை. மறுத்தால் அடுத்த கடைக்குப் போய்விடுவது நல்லது.

பிறகு நெட்வொர்க் பாயின்ட் பெட்டிகளை எங்கே வைப்பது என்ற கேள்வி. இந்தப் பகுதியில் இந்தக் கேள்விக்கு விடை சுவரிலேயே இருக்கிறது. 2023 டிசம்பர் 18 வெள்ளம் விட்டுப்போன கறை கடைச் சுவரில் தரையிலிருந்து 4 அடி 2 அங்குலத்தில் இன்னும் தெரிகிறது. வழக்கமாக நெட்வொர்க் பாயின்ட்டைத் தரையிலிருந்து ஒரு அடியில் வைப்பார்கள். இங்கே அது கூடாது. கீழ்த்தளத்தின் எல்லாப் பாயின்ட்டும் 5 அடி உயரத்தில். எல்லாக் கேபிளும் கூரை ஓரமாக வந்து மேலிருந்து கீழே இறங்க வேண்டும், தரையோரமாக ஒன்றுகூட ஓடக் கூடாது. சுவிட்சும், ஃபைபர் வந்து சேரும் பெட்டியான ஓஎன்டியும் உட்காரும் 4யூ ராக் (நான்கு தட்டு உயர அலமாரிப் பெட்டி) மாடிப்படித் திருப்பத்தில், தரையிலிருந்து 9 அடியில். மேசைக்குப் பின்னால் வயர் தொங்குவது பார்வைக்குச் சுமார்தான். அண்ணாச்சிக்கு அதில் முதலில் மனமில்லை. கறையைக் காட்டியதும் ஒப்புக்கொண்டார்.

வெள்ளத்தில் நனைந்த பழைய போன் வயர்தான் இரைச்சலுக்குக் காரணம். சுவரில் போன் வயர்கள் சேரும் ரோசெட் பெட்டியைத் திறந்தால் திருகாணியெல்லாம் பச்சைக் களிம்பு. துடைத்து மாட்டினோம், இரைச்சல் போகவில்லை. 15 செ.மீ. வெட்டிப் பார்த்தோம், உள்ளே கம்பி கறுத்திருந்தது. இன்னொரு 30 செ.மீ., அங்கேயும் கறுப்பு. தண்ணீர் உறைக்குள் திரி போல ஏறியிருக்கிறது. வெட்டிக்கொண்டே போனால் பளிச்சென்ற செம்பு வரும் இடம் வரை வெட்ட வேண்டும், அந்த இடம் சுவருக்குள் இருந்தது. ஆகவே கீழ்த்தளப் போன் வயரையும் விட்டுவிட்டோம். மாடியில் நனையாத பகுதி நன்றாக இருந்தது. அதைச் சேர்க்க மட்டும் ஜெல்லி கனெக்டர் (ஈரம் புகாமல் ஜெல் நிரப்பிய சின்ன இணைப்பான்). தோலை உரிக்காமல் இரண்டு கம்பியையும் உள்ளே முழுவதும் தள்ளி, பிளையரால் நேராக அழுத்த வேண்டும். முறுக்கி டேப் சுற்றும் இணைப்பு ஆற்றங்கரை ஈரத்துக்கு இரண்டு மழைக்காலம் தாங்காது.

லேண்ட்லைன் இப்போது ஓஎன்டியின் போன் போர்ட்டிலிருந்து வருகிறது. அதை வீட்டுப் பழைய வயரில் ஏற்றி மற்ற போன் கருவிகளையும் அடிக்க வைக்கலாம். ஆனால் அதற்கு முன் கம்பத்திலிருந்து வரும் பழைய செம்பு ஜோடியை ரோசெட்டிலிருந்து கழற்றி, முனைகளைத் தனித்தனியாக மூடிவிட வேண்டும். அதில் எக்ஸ்சேஞ்சின் 48 வோல்ட் இன்னும் இருந்தால் ஓஎன்டி போர்ட் கெட்டுப்போகும். மீட்டர் பூஜ்யம் காட்டினாலும் கழற்றத்தான் வேண்டும், கம்பத்து வயர் வழியே இடி வரும். மணி அடிக்கும்போது அந்த ஜோடியில் 75 வோல்ட் அளவு ஏசி வருவதால், வேலை முடியும் வரை ஓஎன்டியிலிருந்து போன் வயரைப் பிடுங்கி வைத்தோம். மூன்று கருவிகள் சேர்ந்து அடித்தன. நான்காவதாகப் பழைய மணி போனை மாட்டியதும் எல்லாமே முனகின, அதை எடுத்துவிட்டோம். கடைப் போனுக்கு கேட் 6 கேபிளின் நீல ஜோடி. நெட்வொர்க் பிளக் மாட்டும் ஆர்ஜே 45 ஜாக்கின் நடு இரண்டு கம்பியும் நீலமே என்பதால் போன் பிளக் அதில் நேராகப் பேசும். ஆனால் சின்ன பிளக்கை பெரிய ஜாக்கில் செருகினால் ஓரக் கம்பிகள் வளைந்துவிடும். போனுக்கு என்று ஒதுக்கிய ஜாக்கில் பிறகு கம்ப்யூட்டர் மாட்டாதீர்கள்.

ஓஎன்டியைக் கடையிலிருந்து படித் திருப்பத்துக்கு மாற்ற லைன்மேன் அண்ணனைத்தான் கூப்பிட்டோம். ஃபைபரை நாமே வெட்டி ஒட்டும் வேலை வேண்டாம். வந்து சேரும் ஒளியளவை ஓஎன்டியின் செட்டிங்ஸ் பக்கத்திலேயே பார்க்கலாம். மாற்றும் முன் மைனஸ் 18.6 டிபிஎம், மாற்றிய பின் மைனஸ் 19.1. மைனஸ் 27ஐ நெருங்கினால்தான் கவலை. ராக்குக்குள் மிச்ச ஃபைபரைச் சுருட்டும்போது உள்ளங்கை அளவு வட்டமாகச் சுருட்டினோம்.

இனி இழுப்பு. சுவர் ஒன்றரை அடிக் கனம், சுண்ணாம்புக் காரைக் கட்டு. சாதாரண டிரில் பிட் பாதிகூடப் போகாது. 16 எம்எம் தடிமன், 2 அடி நீளப் பிட் ஒன்றைத் தினவாடகைக்கு எடுத்தோம். வெளிச்சுவரில் துளை போடும்போது உள்ளிருந்து வெளியே சற்றுச் சரிவாகக் கீழ்நோக்கிப் போட வேண்டும். இரண்டாவது தவறு இதில்தான்: மட்டமாகப் போட்ட முதல் துளை வழியே மறுவாரமே மழைத்தண்ணீர் உள்ளே வழிந்தது. வெளியே கேபிள் துளைக்குள் நுழையும் முன் ஒரு சாண் கீழே தொங்கி மேலேறும்படி விட்டால் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

25 எம்எம் பைப்பில் நான்கு கேபிள் மட்டும். ஐந்தாவதைத் திணித்தால் வளைவில் சிக்கும். அப்போது இரண்டு பேர் பிடித்து இழுத்தால் உள்ளே முறுக்கு நெகிழ்ந்துவிடும். ஒரு கையால் நிதானமாக இழுத்து வராவிட்டால் நிறுத்திவிட்டு, வளைவைக் கழற்றிப் பார்க்க வேண்டும். கரண்ட் வயரோடு இணையாகப் போகும் இடங்களில் ஒரு அடி தள்ளி ஓட்டினோம். தவிர்க்க முடியாத இடத்தில் குறுக்காகத் தாண்டவைத்தோம். ஒவ்வொரு கேபிளின் இரு முனையிலும் எண் எழுதி, அதன் மேல் ஒளிபுகும் டேப். ராக் பக்கம் ஒன்றரை மீட்டர், பாயின்ட் பக்கம் அரை மீட்டர் மிச்சம்.

ஜாக்கில் பன்ச் அடிக்கும்போது (கம்பிகளைக் கருவியால் அழுத்திப் பதிக்கும்போது) முறுக்கைப் பிரிப்பது அரை அங்குலத்துக்கு மேல் கூடாது. இந்த ஒரு விஷயத்தில் பொறுமை காட்டினால் பாதிப் பிரச்சினை வராது. சுவருக்குள் போகும் கேபிளில் நேராக பிளக் அடிப்பதை நாங்கள் விட்டுவிட்டோம். சுவரில் ஜாக், அங்கிருந்து கம்ப்யூட்டருக்குக் கடையில் கிடைக்கும் பேட்ச் கார்டு. அசையும் துண்டு கெட்டால் 120 ரூபாயில் மாற்றலாம், சுவரைத் தொட வேண்டாம். கட்டுவதற்கு நைலான் டேகை இறுக்கினால் கேபிள் நசுங்கும், ஒட்டுப்பட்டை போதும்.

மூன்றாவது தவறு கோடவுன். வீட்டிலிருந்து 46 மீட்டர். 100 மீட்டர் வரை போகும் கேபிள்தானே என்று அதே பெட்டிக் கேபிளை பிவிசி பைப்பில் போட்டு முற்றத்தைத் தாண்டி இழுத்தோம். மூன்று வாரம் அருமையாக ஓடியது. ஐப்பசியில் ஒரு சாயங்கால இடிக்குப் பிறகு கோடவுன் கம்ப்யூட்டரின் லேன் போர்ட்டும், புது சுவிட்சில் அதன் போர்ட்டும் ஒரே நேரத்தில் போயின. கோடவுனுக்குத் தனி மீட்டர், தனி எர்த் குழி. பக்கத்தில் இடி விழுந்தால் இரண்டு எர்த்துக்கும் நடுவே ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் ஒரு நொடிக்கும் மிகக் குறைந்த நேரத்துக்கு எழும். இரண்டையும் சேர்க்கும் ஒரே செம்புக் கம்பி நம் கேபிள்தான். போர்ட்டுக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் 1,500 வோல்ட் வரை தடுக்கும், அதற்கு மேல் தாங்காது.

தனித்தனி எர்த் உள்ள இரண்டு கட்டடத்துக்கு நடுவே செம்பு போடக் கூடாது, ஃபைபர்தான். 50 மீட்டர், இரண்டு முனையிலும் கனெக்டர் போட்டே வரும் இரண்டு கோர் (ஒளியிழை) கேபிள் 1,100 ரூபாய். செம்பு சிக்னலை ஒளியாகவும் ஒளியைத் திரும்பச் செம்புக்கும் மாற்றும் கிகாபிட் மீடியா கன்வெர்ட்டர் ஒரு ஜோடி 2,300. வாங்கும்போது இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒற்றைக் கோரில் போகவும் வரவும் செய்யும் கன்வெர்ட்டர் ஏ, பி என்று ஜோடியாக வரும். ஒன்று 1310 நானோமீட்டர் ஒளியில் அனுப்பி 1550இல் வாங்கும், மற்றது நேர்மாறு. இரண்டு ஏ வாங்கிவந்தால் விளக்கே எரியாது. அடுத்தது, தெருவில் கம்பத்துக்குக் கம்பம் இழுக்கும் டிராப் ஃபைபரில் இரும்புக் கம்பி கூடவே வரும். அதை இரண்டு கட்டடத்திலும் கட்டினால் மறுபடியும் உலோகத் தொடர்பு வந்துவிடும். கண்ணாடி இழைக் குச்சி உள்ள கேபிளாகக் கேட்டு வாங்கினோம். பிஸ்கட் கோடவுன் என்பதால் எலி, முற்றத்து வேம்பில் அணில். கேபிளை முழு நீளமும் 20 எம்எம் பைப்புக்குள்ளேயே விட்டு, முனைகளில் எம்சீல் வைத்து அடைத்தோம். எறும்பும் அதனால் நின்றது.

கரண்ட் போனால் ஓஎன்டியும் சுவிட்சும் நிற்காமல் இருக்க 12 வோல்ட் மினி யூபிஎஸ், 1,600 ரூபாய். மாடிப் பட்டாசலின் கூரையில் ஒரு வைஃபை கருவி போதுமானதாக இருந்தது. கீழே அந்தச் சுவர்களைத் தாண்டி எதுவும் வராது என்பதால் கடைக்கு வைஃபை தனியாகக் கொடுக்கவில்லை.

கணக்கு: கேட் 6 பெட்டி 8,900, ஜாக், தகடு, பெட்டிகள் ஏழு பாயின்ட்டுக்கு 1,960, ராக் 2,200, பைப்பும் வளைவும் 1,350, ஃபைபரும் கன்வெர்ட்டரும் 3,400, யூபிஎஸ் 1,600, பேட்ச் கார்டு 840, பிட் வாடகையும் சில்லறையும் 700. கூட்டினால் 20,950, கூலி தனி. இதில் சேராதவை, தவறுக்குக் கொடுத்தது: ஒரு போர்ட் போன 1,450 ரூபாய் சுவிட்ச், கோடவுன் கம்ப்யூட்டருக்கு 650 ரூபாய் லேன் கார்டு, வீணான 46 மீட்டர் கேபிள். ஏழு பாயின்ட்டுக்கு இழுத்தது மிச்சம் விட்டதையும் சேர்த்து 124 மீட்டர். பெட்டியில் இன்னும் 135 மீட்டர் இருக்கிறது.

அடுத்த முறை பைப்பில் கேபிளோடு ஒரு நைலான் கயிறும் சேர்த்தே விடுவோம். இங்கே விடவில்லை, வைஃபை கருவிக்கு இரண்டாவது கேபிள் வேண்டுமென்றால் மறுபடி முதலிலிருந்து இழுக்க வேண்டும். 4யூ ராக் சிறிது, மினி யூபிஎஸ் வெளியே ஆணியில் தொங்குகிறது, 6யூ வாங்கியிருக்கலாம். ஃபைபரின் இரண்டாவது கோர் தூசி மூடியோடு சும்மா இருக்கிறது. கோடவுன் வாசலுக்கு கேமரா வரும்போது அதுவும் அதே கன்வெர்ட்டர் வழியே வந்துவிடும், அந்தக் கோர் மாற்றுக்கு. மட்டமாகப் போட்ட அந்த முதல் துளையை இன்னும் அடைக்கவில்லை. சிமென்ட் குழைத்து அடைக்க அடுத்த வாரம் போகிறோம்.